கூடத்து விளக்கும் மாடப்பிறையும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை ஆறு மணியை நெருங்கும் வேளையில் திருவண்ணாமலை நகரின் வீட்டு வாசல்களில் ஒரு காத்திருப்பைக் காணலாம். கோலமிட்ட திண்ணைகளில் அகல்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் வார்த்துத் திரியும் இட்டிருப்பர். எனினும் ஒன்றும் ஏற்றப்பட்டிராது. வீட்டார் அனைவரும் மலை முகட்டையே நோக்கி நிற்பர். 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் சுடர் தோன்றிய பின்னரே மனைகளில் விளக்கேற்றுவது இவ்வூர் வழக்கு. ஊர்ப் பொதுவிளக்கு முதலில். அதன்பின் தத்தம் வீட்டு விளக்கு.

வாசலில் அகல் வைக்க இன்றும் இடமுண்டு. வீட்டிற்குள்ளோ நிலைமை வேறு. பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் கூடத்துச் சுவரை வழவழப்பாகப் பூசிக் கூரையில் பலவகை மின்விளக்குகளைப் பொருத்திவிடுகின்றனர். அடுத்து வரும் கார்த்திகையில் அகலைக் கையில் ஏந்திய இல்லத்தரசி அதனை எங்கே வைப்பது என்று நாற்புறமும் பார்க்க நேர்கிறது. முன்னர் அங்கிருந்த மாடப்பிறை பூச்சுக்குள் மறைந்துபோயிற்று. இச்சிறு இடர்ப்பாட்டின் பின்னே தமிழரின் விளக்கு வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதனைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைவிளக்கு

அண்ணாமலைத் தீபம் ஒரு நாள் எரிந்து அணைவதன்று. திருவிழாவின் பத்தாம் நாள் விடியலில் கருவறையில் பரணி தீபம் ஏற்றப்படுகிறது. அன்று மாலை அர்த்தநாரீசுவரர் சில மணித்துளிகள் மட்டும் எழுந்தருளிக் காட்சி தர, அதே வேளையில் மலையுச்சியில் மகா தீபம் சுடர்விடுகிறது. அச்சுடர் தொடர்ந்து பதினொரு நாள் எரிகிறது. இதற்கென மலையுச்சிக்குக் கொப்பரை கொண்டு செல்லப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவும் அதற்கு மேலும் நெய்யும், 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத்துணியும் பயன்படுத்தப்பட்டுள்ளன. தீபம் ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. தீபம் நிறைவுற்றபின் கொப்பரையில் எஞ்சும் கரியும் வீணாவதில்லை. அது தீப மையாக்கப்பட்டு, மார்கழித் திருவாதிரையை ஒட்டி அடியார்க்கு வழங்கப்படுகிறது.

இவ்வேற்பாட்டில் ஒரு முறைமை புலனாகிறது. விளக்கு இருக்க வேண்டிய இடம், அதற்கு வேண்டிய நெய், அதனை ஏற்றிப் பேணுவோர், அது அணைந்தபின் செய்ய வேண்டியது ஆகிய நான்கும் ஒன்றாகவே வகுக்கப்பட்டுள்ளன. தமிழகத்தின் விளக்கு மரபு முழுவதையும் இந்நான்கின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

இலக்கியம் காட்டும் விளக்குப் பணி

கார்த்திகை விளக்கீடு பழைமையானது என்பதற்குச் சங்கப் பாடல்களே சான்று. அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரரும், நற்றிணையின் 202ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோவும் இவ்விழாவின் விளக்கொளியைக் குறிப்பிடுகின்றனர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் கார்த்திகை விளக்கீடு இடம்பெறுகிறது.

விழா விளக்கைவிட அன்றாட விளக்கைப் பற்றிய செய்திகள் நமக்கு இன்னும் பயன்தருவன. நெடுநல்வாடையில் மழை மூடிய கூதிர்க்காலத்து மாலைப் பொழுதை மகளிர் பூவின் மலர்ச்சியால் அறிந்து, இரும்பினால் செய்த விளக்கில் திரி கொளுவி, நெல்லும் மலரும் தூவி வணங்குகின்றனர். அதே நூல் அரண்மனைக்குள் யவனர் செய்த பாவைவிளக்கு ஒன்றையும் காட்டுகிறது. பாவை தன் கையில் அகலை ஏந்தி நிற்கிறது. அயல்நாட்டுக் கைவினைஞர் செய்த அழகுப் பொருளாயினும், அதற்கும் நெய் வார்க்கவும் திரி தூண்டவும் ஆள் வேண்டியிருந்ததைப் புலவர் மறவாமல் சொல்கிறார். முல்லைப்பாட்டில் பாசறையின் விளக்குகளைப் பேணுவதற்கென்றே மகளிர் அமர்த்தப்பட்டுள்ளனர். போர்க்களத்திலும் விளக்குப் பணி தனிப்பணியாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

பிற்காலத்தில் இப்பணி தொண்டின் நிலைக்கு உயர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் நமிநந்தியடிகள், கணம்புல்லர், கலியர் ஆகிய மூவரும் திருவிளக்குத் தொண்டால் நாயன்மார் ஆனவர்கள். கலியர் திருவொற்றியூரில் எண்ணெய் வாணிபம் செய்த குலத்தவர். செல்வம் கரைந்து எண்ணெய்க்கு வழியற்ற நாளில் தம் குருதியையே வார்க்கத் துணிந்தார். கணம்புல்லர் புல் அரிந்து விற்று விளக்கெரித்தவர். புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமுடியையே விளக்காக எரிக்கத் தொடங்கினார். புராணத்தின் நம்பிக்கைப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஓர் உண்மை எஞ்சுகிறது. விளக்கை ஒருநாள் ஏற்றுவது எளிது; நாள்தோறும் அணையாமல் காப்பதே அரிது. அவ்வருமையை உணர்ந்த சமுதாயமே அதனைச் செய்தவரை அடியாராகப் போற்றியது.

கல்வெட்டுக் கணக்கு

அணையாமல் காக்கும் இச்சிக்கலுக்குச் சோழர் காலத்தார் கண்ட தீர்வைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர் விளக்குத்தண்டை மட்டும் கொடுத்து அமைந்ததில்லை. நெய்க்கு நிலையான வழியையும் சேர்த்தே கொடுத்தார். ஒரு நந்தா விளக்கிற்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுத்த செய்தி தமிழகக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இக்கணக்கு தெளிவாக உள்ளது. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்பது அளவு. அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாளொன்றுக்கு உழக்கு நெய், அதாவது கால் நாழி நெய், கோயிலுக்கு அளக்கக் கடமைப்பட்டவர்.

இவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு மூப்படைந்து இறக்கும். ஆனால் குட்டிகள் அதன் இடத்தை நிரப்பும். ஆதலின் மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாது என்னும் பொருளில் இச்சொல் வழங்கிற்று. ஆடுகளைப் பெற்று வளர்த்த மன்றாடிகளின் பொறுப்பும் அவர்தம் வழிவழி தொடர்ந்தது. முதலை அழிக்காமல் வருவாயைக் கொண்டு ஒரு பணியை நடத்தும் இன்றைய அறக்கட்டளைகளின் கருத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆட்டு மந்தையில் அமைத்துக் காட்டியுள்ளனர்.

திருவண்ணாமலைக் கோயில் மதில்களிலும் மண்டபங்களிலும் சோழர் முதல் விசயநகர மன்னர் வரை பல காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 1990இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றுள்ளும் விளக்குக் கொடைகள் இடம்பெறுகின்றன. 217 அடி உயர இராசகோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் பலர். அக்கோபுரத்திற்கு முன்பே உள்ளே எரிந்த விளக்குகளின் கணக்கைப் படிப்போர் சிலரே.

கூடமும் மாடப்பிறையும்

கோயிலில் கண்ட முறைமையே சிறிய அளவில் மனையிலும் நின்றது. திண்ணை, இடைகழி, முற்றம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், கூடம் என்று அமைந்தது பழைய தமிழ் வீடு. கூடம் ஓர் அறையன்று. பகலில் நெல் அளக்கும் இடமும், மாலையில் பிள்ளைகள் படிக்கும் இடமும், இரவில் வீட்டார் உறங்கும் இடமும், நன்னாளில் திருமணப் பந்தலின் உட்பகுதியும் அதுவே. பகல் வெளிச்சம் முற்றத்து வழியாக வந்தது. இருட்டிய பின் வெளிச்சம் சுவரிலிருந்து வந்தது. அதற்கென்று சுவர் எழுப்பும்போதே விடப்பட்ட குழிவே மாடப்பிறை. மாடக்குழி, விளக்கு மாடம், பிறை என்று வட்டாரந்தோறும் அதற்குப் பெயர் மாறும்.

அக்குழிவின் அமைப்பு கருத்தக்கது. ஓர் அகலோ சிறு விளக்கோ அமரும் அகலமும், காற்று நேரே தாக்காத ஆழமும், சுடர் மேலெழ இடம்தரும் வளைந்த முகப்பும் அதற்கு உண்டு. கைக்குழந்தையின் கைக்கு எட்டாமலும், நின்றபடி எண்ணெய் வார்க்கும் பெண்ணின் கைக்கு எட்டியும் அது அமைந்தது. புகைக்கரி கூரையெங்கும் படராமல் குழிவின் மேற்புறத்திலேயே படிந்தது. வாசற்கதவின் இருபுறமும் இரண்டு, கூடத்தில் ஒன்றோ இரண்டோ, அடுக்களையில் ஒன்று என்று வீட்டின் ஒளிக்கு முன்கூட்டியே இடம் குறிக்கப்பட்டது. இன்றைய கட்டடக்கலைஞர் வரைபடத்தில் விளக்குப் புள்ளிகளைக் குறிப்பதற்கு ஒப்பானதே, அன்றைய கொத்தனார் செங்கல்லை விடுத்துக் குறித்த இக்குறி.

மாடத்து விளக்கோடு குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, காமாட்சி விளக்கு, கைவிளக்கு எனப் பலவும் தத்தம் பயனுக்கேற்ப வழங்கின. எரிபொருளாக இலுப்பெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் மிகுதியாகப் பயன்பட்டன. ஆமணக்கெண்ணெய் பெரும்பாலும் வேறு தேவைகளுக்கே பயன்படும் இக்காலத்திலும் மக்கள் அதனை விளக்கெண்ணெய் என்றே அழைக்கின்றனர். பயன் குறைந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

மண்ணெண்ணெய் வந்தபின்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் தமிழ்நாட்டிற்கு வந்தது. சீமையெண்ணெய் என்று மக்கள் அதனை அழைத்தனர். கண்ணாடிக் கூண்டுடைய சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் பரவின. கண்ணாடி காற்றைத் தடுத்ததால் விளக்கிற்குச் சுவரின் துணை தேவையற்றதாயிற்று. அது மாடத்தை விட்டு இறங்கி ஆணியிலும் கொக்கியிலும் தொங்கியது; தெருவிற்கும் கொல்லைக்கும் மனிதரோடு நடந்தது. செருமனியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பெட்ரோமாக்சு விளக்கு திருமணப் பந்தல்களையும் தெருக்கூத்துக் களங்களையும் பகலாக்கியது. கூத்து செழித்த திருவண்ணாமலை வட்டாரத்தில் அதன் இரைச்சலை நினைவுகூரும் முதியோர் இன்றும் உளர்.

மாடத்தின் பயன் இவ்வாறு குறைந்ததெனினும் பேணும் பணி குறையவில்லை. நாள்தோறும் பிற்பகலில் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைப்பது, திரியைச் சீராக வெட்டுவது, எண்ணெய் அளந்து ஊற்றுவது ஆகியன வீட்டுச் சிறுவர், சிறுமியர் கடமையாயின.

மின்சாரம் புகுந்த வரலாறு

1879இல் எடிசன் கரியிழை விளக்கை வெற்றியாக எரித்துக் காட்டினார். அடுத்த கால் நூற்றாண்டிற்குள் தென்னிந்தியாவில் அதன் ஒளி தென்பட்டது. 1902இல் தொடங்கிய சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தின் ஆற்றலால் 1905இல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. தமிழகத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் ஆகிய நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இவற்றுள் மேட்டூர்த் திட்டமே திருவண்ணாமலை அடங்கியிருந்த அன்றைய வடஆற்காடு மாவட்டத்திற்கும் மின்னாற்றல் வழங்கியது. 1957 சூலை முதல் நாள் அமைந்த மின்சார வாரியம் சிற்றூர்களுக்கும் கம்பிகளை நீட்டியது.

முதல் மின்விளக்கு பெரும்பாலும் கூடத்திற்கே வந்தது. ஒரு வீட்டிற்கு ஒன்றிரண்டு விளக்குகளே இருந்த காலம் அது. தேக்குப் பட்டிகளைச் சுவரிலும் உத்திரத்திலும் அறைந்து, கம்பிகளைத் தகரக் கிளிப்புகளால் இறுக்கினர். கூரையின் மரவட்டிலிருந்து முறுக்குக்கம்பி தொங்க, அதன் நுனியில் பித்தளை ஓல்டரும் குமிழ் விளக்கும் இருந்தன. கம்பி கண்ணுக்குத் தெரிந்ததால் பழுது எங்கே என்பதும் தெரிந்தது. சுவரை எவரும் வெட்டவில்லை. மாடப்பிறையும் அப்படியே இருந்தது. அதில் தீப்பெட்டியும் சீப்பும் குடியேறின. மின்சாரம் நின்ற இரவுகளில் விளக்கு மீண்டும் அங்கே அமர்ந்தது.

அதன்பின் குழல்விளக்கு வந்தது. அமெரிக்காவில் 1938இல் விற்பனைக்கு வந்த இவ்விளக்கு, நான்கடி நீளமும் 40 வாட் ஆற்றலும் உடையதாய்ச் சோக்கு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றோடு தமிழ்நாட்டுக் கூடங்களின் சுவர் உச்சியில் இடம்பிடித்தது. கூடத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஒரே வெண்மையாக ஒளி பரவியது. விளக்கைச் சுற்றி அமர்ந்த குடும்பத்தார் விளக்கின் கீழ் விலகி அமரலாயினர்.

இக்காலத்திய எல்.இ.டி. விளக்கிற்கு அடிப்படையான நீலவொளி இருமுனையத்தை உருவாக்கியமைக்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 2015 சனவரியில் இந்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கிக் குறைந்த விலையில் இவ்விளக்குகளைப் பரப்பியது. 60 வாட் குமிழ் விளக்குத் தந்த ஒளியை 9 வாட்டிற்குள் இவ்விளக்குத் தருகிறது. வெப்பமும் சிறிது; உருவமும் சிறிது. ஆதலால் கூரைக்குள் புதைக்கவும், சுவரோரம் நாடாவாக ஒட்டவும் இயலுகிறது.

இன்றைய கூடம்

இவ்வசதியால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் கூடத்தைப் புதுப்பிப்போர் ஒளியைப் பற்றிக் கடைசியில் எண்ணுவதே பெருவழக்காயிற்று. வண்ணம், தரைக்கல், தொலைக்காட்சிப் பலகை ஆகியவற்றை முடிவுசெய்தபின் விளக்குக்கடைக்குச் செல்கின்றனர். கண்ணைக் கவர்ந்தவற்றை வாங்கிவந்து மின்கம்பியாளரிடம் கொடுக்கின்றனர். அவர் பொருத்துமிடம் தேடிச் சுவரை வெட்டுகிறார். சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழஞ்சுவரில் ஆழமாக வெட்டிக் குழாய் பதிக்கும்போது செங்கற்கட்டும் தளர்கிறது. குறுக்கே நின்ற மாடப்பிறை செங்கல் துண்டுகளால் நிரப்பப்படுகிறது.

முன்னோர் கண்ட முறைமையை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். முதலாவது, இடம். பூச்சு வேலைக்கு முன்பே விளக்குப் புள்ளிகள் குறிக்கப்பட வேண்டும். மின்விசிறியின் இறக்கைக்கு மேலே விளக்கமைந்தால் நிழல் சுழன்று கண்ணை வருத்தும். கனமான தொங்கு விளக்கைப் பொய்க்கூரை தாங்காது. தளத்தில் பதித்த கொக்கியே தாங்கும். இரண்டாவது, பயன். படிப்பவர்க்கு வேண்டிய ஒளி வேறு; உரையாடுவோர்க்கும் நோயுற்ற முதியோர்க்கும் வேண்டிய ஒளி வேறு. 6,500 கெல்வின் அளவுள்ள நீலவெண்மை வேலைக்கு ஏற்றது. 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள பொன்னொளி மாலைக் கூடத்திற்கு இதமானது. தனித்தனிச் சுவிட்சு இருந்தால் வேண்டியதை மட்டும் ஏற்றலாம்.

மூன்றாவது, பேணல். கூரைக்குள் புதைந்த விளக்கு பழுதானால் அதனைக் கழற்றுவோர் யார், எப்படி என்று முன்னரே கேட்க வேண்டும். தேக்குப் பட்டியில் தெரிந்த கம்பி இன்று சுவருக்குள் மறைந்துவிட்டது. ஆதலால் கம்பி சென்ற வழியை வரைந்து வீட்டில் வைத்துக்கொள்வது நன்று. மண்ணிணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியும் உயிர்காப்பன. விளக்கின் விலையில் காட்டும் ஆர்வத்தை இவற்றில் காட்டுவோர் குறைவு. உரிமம் பெற்றவரைக் கொண்டே இப்பணியைச் செய்வித்தல் வேண்டும். நான்காவது, விளக்கு அணைந்தபின் செய்ய வேண்டியது. குழல்விளக்கினுள் பாதரசம் உண்டு; அதனைத் தெருக்குப்பையில் உடைத்து வீசுதல் தீங்கு. கொப்பரைக் கரியையும் வீணாக்காத ஊரில் இதனைச் சொல்லவேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

முடிவாக

பழைய எண்ணெய் விளக்கிற்கு மீள்க என்று எவரும் கூறமாட்டார். புகையும் மங்கலொளியும் எத்தனையோ பெண்களின் கண்ணைக் கெடுத்தன. மாணவர் பலர் மின்விளக்கால் படித்து முன்னேறினர். காக்க வேண்டியது எண்ணெயையன்று. ஒளிக்கு இடம் வகுத்து, பயன் தெளிந்து, பேணுவோரைக் குறித்து, எச்சத்தையும் கருதிய அந்த முறைமையை. அதன் கண்கண்ட சான்றாக வீட்டில் எஞ்சியிருப்பது மாடப்பிறை ஒன்றே. கல்வெட்டை அழித்தால் கேட்க அரசுத் துறைகள் உள்ளன. கூடத்துச் சுவரின் குழிவை அடைத்தால் கேட்பார் எவருமில்லை. வீட்டாரே அதனைக் காத்தாக வேண்டும்.

அடைக்காமல் விடுவதற்குச் செலவு ஏதுமில்லை. கொத்தனாரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். மின்கம்பியாளர் குழாயை ஒரு முழம் தள்ளிப் பதித்தால் போதும். கார்த்திகை மாலையில் மலையுச்சியில் சுடர் தோன்றியதும், கூடத்தின் மின்விளக்குகளைச் சற்றே அணைத்துவிட்டு, அகலை ஏந்திவரும் கைக்கு அவ்வீட்டில் ஓர் இடம் இருக்கும்.